பதின்மூன்று ஆண்டுப் பொறுமை



ஒவ்வோர் அரிசியிலும் அதை உண்பவன் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே என்பது நம் ஈமானோடு கலந்த நம்பிக்கை. ஆயினும், மாதச் சம்பளம் நின்றுபோகும் நாளில் அந்த நம்பிக்கை நம் நெஞ்சில் எத்தனை உறுதியோடு நிற்கின்றது? முதலாளியின் முகம் சற்றே கோணினாலும் நாளைய உலை கொதிக்குமோ கொதிக்காதோ என்று நம் உள்ளம் கொதிக்கத் தொடங்கிவிடுகிறதே! நாவில் இருக்கும் தவக்குல் நெஞ்சில் இறங்குவதற்குள் எத்தனை சோதனைகள்!

இச்சோதனையைச் சந்தித்த ஒரு மனிதரின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் ஆலிமும் அல்லர், அரசரும் அல்லர். அமெரிக்க நாட்டின் கூடைப்பந்து ஆட்டக்காரர். விளையாட்டுக்காரரின் வரலாற்றுக்கு ஜும்ஆ நாளில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். சற்றே பொறுத்துப் படியுங்கள். விடை தானே விளங்கும்.

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மிசிசிப்பி மாநிலத்தில், கல்ஃப்போர்ட் என்னும் கடற்கரை ஊரில், 1969ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் கிறிஸ் ஜாக்சன் என்னும் பெயரோடு அவர் பிறந்தார். வறுமை நிறைந்த கறுப்பினக் குடும்பம். தந்தையின் துணையின்றித் தாயே வளர்த்தார். அத்துடன் டூரெட் என்னும் நரம்புக் கோளாறும் அவரைப் பற்றியிருந்தது. விரும்பாமலே உடல் துடிக்கும், குரல் எழும்பும், ஒரு செயலை மனம் நிறையும் வரை மீண்டும் மீண்டும் செய்யத் தூண்டும். அந்நோய்க்குப் பெயர் இன்னதென்று மருத்துவர்கள் சொன்னபோது அவருக்கு வயது 17.

அந்நோயையும் அல்லாஹ் ஒரு கருவியாக்கினான். பந்து வளையத்தில் உரசாமல் வலையில் விழும் ஓசை தம் மனத்துக்குச் சரியென்று படும் வரை அவர் பயிற்சியை நிறுத்துவதில்லை. இரவு பகல் பாராத அவ்வுழைப்பின் பயனை உலகம் விரைவில் கண்டது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக 30.2 புள்ளிகள் ஈட்டினார். 1990இல் டென்வர் நகரத்து அணி, அவ்வாண்டின் புதிய ஆட்டக்காரர்களுள் மூன்றாமவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. எனப்படும் அந்த அமெரிக்கத் தொழில்முறைச் சங்கம், கூடைப்பந்து உலகில் புகழும் பொருளும் குவிந்து கிடக்கும் இடமாகும்.

பல்கலைக்கழகத்தில் அவருடைய பயிற்சியாளர் மால்கம் எக்ஸின் தன்வரலாற்று நூலை அவருக்குக் கொடுத்திருந்தார். அந்நூல் மூட்டிய தேடல் அவரைத் திருக்குர்ஆனிடம் கொண்டு சேர்த்தது. 1991இல் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். 1993இல் மஹ்மூத் அப்துர் ரஊஃப் எனப் பெயர் மாற்றிக்கொண்டார். பேரிரக்கமுடைய இறைவனின் அடிமை என்னும் பொருள் தாங்கிய பெயர் அது. ஆட்டமும் சிறந்து விளங்கிற்று. எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்புகள் 1993-94ஆம் பருவத்தில் அவருக்கு 229 வந்தன. அவற்றுள் 219 எறிதல்கள் வலைக்குள் விழுந்தன. பருவம் முழுவதும் தவறியவை பத்தே பத்து!

இரு நாளில் முடிந்த விவகாரம்

அந்நாட்டில் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னரும் தேசிய கீதம் இசைக்கப்படும். ஆட்டக்காரர்கள் வரிசையாக எழுந்து நிற்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. 1995-96ஆம் பருவத்தில் அப்துர் ரஊஃப் அவ்வரிசையில் நிற்பதைத் தவிர்த்தார். தம் இன மக்கள் அக்கொடியின் கீழ் அடைந்த கொடுமைகளை எண்ணும்போது அதற்கு வணக்கம் செலுத்தத் தம் மனச்சான்று இடந்தரவில்லை என்றும், இறைவனுக்கன்றி வேறெதற்கும் அத்தகைய மரியாதை செய்யத் தம் மார்க்க உணர்வு இசையவில்லை என்றும் அவர் கருதினார். பல மாதங்கள் அதை எவரும் பெரிதுபடுத்தவில்லை. செய்தியாளர்கள் கேட்டு, அவர் விடை சொன்ன பிறகே புயல் கிளம்பிற்று.

1996 மார்ச் 12ஆம் நாள் சங்கம் அவரை ஆட்டத்திலிருந்து நீக்கி வைத்தது. ஆடாத ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 31,707 டாலர் இழப்பு. பருவத்துக்கு 82 ஆட்டங்கள். அந்த 82இல் ஒரு பங்கு ஊதியம் அது. எங்கும் ஏச்சு, எங்கும் மிரட்டல். டென்வர் வானொலி நிலையம் ஒன்றின் ஊழியர்கள் பள்ளிவாசலுக்குள்ளேயே புகுந்து அந்தக் கீதத்தை ஊதினர் என்றால், அந்நாளின் கொதிப்பை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஓர் ஆட்டம் மட்டுமே அவர் இழந்தார். பின்னர் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வரிசையில் நிற்பார், ஆனால் அந்நேரத்தில் தலைகுனிந்து, கண்மூடி, அல்லாஹ்விடம் துஆ கேட்பார். மார்ச் 15ஆம் நாள் சிகாகோ நகரில், கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே இரு கைகளையும் ஏந்தியபடி அவர் நின்றார்.

இதில் முஸ்லிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதே சங்கத்தில் ஆடிய புகழ்பெற்ற முஸ்லிம் வீரர் ஹகீம் ஒலாஜுவான், தாம் வாழும் நாட்டின் மரபை மதிப்பது முஸ்லிமுக்குரிய பண்பே என்று வெளிப்படையாகக் கூறினார். அந்த மஸ்அலாவுக்குத் தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. விவகாரம் எழுந்ததும் உடன்பாடு கண்டதும் சில நாட்களுக்குள் நடந்து முடிந்தன. அதன் விலையைக் கொடுக்க எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதே நாம் காண வேண்டியது.

ஆறு நாடுகளில் தேடிய உணவு

அப்பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 19.2 புள்ளிகள் ஈட்டியவரை, பருவம் முடிந்ததும் டென்வர் அணி சாக்ரமென்டோ அணிக்கு மாற்றிவிட்டது. அங்கே நாளடைவில் அவருக்கு வாய்ப்பு சுருங்கிற்று. 1997-98ஆம் பருவத்தில் 31 ஆட்டங்களோடு ஒப்பந்தமும் முடிந்தது. தம் கொள்கையே தம்மை ஒதுக்கக் காரணம் என்று அவர் பிற்காலத்தில் கூறினார். அணியினர் எவரும் அவ்வாறு வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் 29 வயதில், ஆட்டக்காரர் ஒருவரின் உடல் வலிமை குன்றாத பருவத்தில், அவருடைய தாய்நாட்டில் அவருக்கு வேலை இல்லாமற் போயிற்று என்பது மட்டும் உண்மை.

அவர் கடல் கடந்தார். முதலில் துருக்கி, இஸ்தான்புல் நகரத்து ஃபெனர்பாஹ்சே கழகம். 2000-01ஆம் பருவத்தில் அமெரிக்கச் சங்கத்தைச் சேர்ந்த, கனடா நாட்டு வான்கூவர் அணியில் ஒரு மறுவாய்ப்புக் கிடைத்தது. அதுவும் 41 ஆட்டங்களோடு முடிந்தது. 2001ஆம் ஆண்டு ஜூலையில் மிசிசிப்பியில் அவர் கட்டியிருந்த வீடு தீயில் எரிந்து அழிந்தது. இனவெறிக் கூட்டத்தின் குறியெழுத்துகள் அவ்விடத்தில் முன்னரே கிறுக்கப்பட்டிருந்தன. வேலை போயிற்று, வீடும் போயிற்று. சொந்த ஊர் மக்களுக்காகப் பள்ளிவாசல் அமைய முன்னின்று, அதில் இமாமாகவும் பணிபுரிந்த மனிதர் அவர்!

பிறகு மீண்டும் பயணம். 2003இல் ரஷ்யாவின் உரால் மலையடுத்த பெர்ம் நகரம். மாதக்கணக்கில் பனி உறைந்து கிடக்கும் ஊர். அடுத்து இத்தாலியில் கடலோரச் சிற்றூரான ரொசேட்டோ. 2006-07இல் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரத்து அரிஸ் கழகம். பின்னர் சவூதி அரேபியாவின் ஜித்தாவில் அல் இத்திஹாத் கழகம். உலகெங்கிலுமிருந்து ஹாஜிகள் வந்திறங்கும் அந்நகரில், புனித மக்காவுக்கு அருகே, பந்தாடி ஊதியம் பெற்றார். கடைசியாக 2009 முதல் 2011 வரை ஜப்பானின் பழந்தலைநகரான கியோட்டோவில் அந்நகர அணிக்காக ஆடினார். ஆட்டத்தை நிறைவு செய்தபோது அவருக்கு வயது 42.

அயல்நாட்டு அணியில் ஆடுவதென்றால் என்னவென்று சிறிது விளக்க வேண்டும். ஓர் அணியில் வெளிநாட்டார் இத்தனை பேர்தாம் இருக்கலாம் என்று பல நாடுகளில் வரம்பு உண்டு. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கே. உள்ளூர்ப் பிள்ளை ஓர் ஆட்டத்தில் சோர்ந்தால் ஊரார் பொறுப்பர். விலை கொடுத்து அழைத்து வந்தவன் சோர்ந்தால் அடுத்தவனைத் தேடுவர். ஆட்ட நேரமும் வேறு. அமெரிக்கச் சங்கத்தில் 48 நிமிடம். மற்ற பெரும்பாலான நாடுகளில் 40 நிமிடம். மொழி புரியாது, உணவில் ஹலால் எது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், தொழுகைக்குக் கிப்லாவின் திசையை ஒவ்வோர் ஊரிலும் புதிதாக அறிய வேண்டும். அயல்நாட்டில் உழைக்கும் ஆண்மக்களைக் கொண்ட நம் குடும்பங்களுக்கு இந்த வாழ்வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

இதில் நமக்கென்ன?

அன்புச் சகோதரர்களே! மறுக்கத் துணிவு வேண்டும். அத்துணிவு ஒரு நாளில் வந்துவிடலாம். சினத்திலும் வரலாம், ஊரார் கைதட்டலை எண்ணியும் வரலாம். ஆனால் மறுத்த மறுநாள் காலையில் எழுந்து, குறைந்த வருவாய்க்கு, பழக்கமில்லாத ஊரில், முன்போலவே முழுமனத்தோடு உழைப்பதற்குத் துணிவு மட்டும் போதாது. அதற்குப் பெயரே ஸப்ர். 1998 முதல் 2011 வரை பதின்மூன்று ஆண்டுகள், இடையிடையே வேலையின்றிக் கழிந்த காலமும் சேர்த்து, அந்த ஸப்ரை நாம் இம்மனிதரின் வாழ்வில் காண்கின்றோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அல்லாஹ்வை நம்பியவருக்கு இழந்த செல்வம் அப்படியே இரட்டிப்பாகத் திரும்பிவிடும் என்று நாம் சில வேளை எளிதாகப் பேசிவிடுகிறோம். இவர் வாழ்வில் அப்படி நிகழவில்லை. பருவத்துக்கு ஏறத்தாழ 26 இலட்சம் டாலர் ஈட்டிய நாட்கள் மீண்டும் வரவில்லை. இழந்த புகழும் அந்த வயதில் திரும்பவில்லை. ஆனால் ரிஸ்க் நின்றுபோகவும் இல்லை. அது இஸ்தான்புல்லில் சிறிது, பெர்மில் சிறிது, ரொசேட்டோவில் சிறிது, கியோட்டோவில் சிறிது என்று சிதறிக் கிடந்தது. நடந்து சென்று பொறுக்கிக்கொள்ளும் கால்களை அல்லாஹ் அவருக்குக் கொடுத்திருந்தான். தவக்குல் என்பது திண்ணையில் சாய்ந்து வானத்தைப் பார்த்திருப்பதன்று. முயன்றுவிட்டு முடிவை அவனிடம் ஒப்படைப்பதே தவக்குல்.

அவர் தம் திறமையையும் வீணாக்கவில்லை. எனக்கு அநீதி இழைத்தார்கள், இனிப் பந்தைத் தொடேன் என்று அவர் முடங்கியிருந்தால் அதைக் குறை சொல்வார் எவர்? ஆனால் உடலும் அதன் ஆற்றலும் இறைவன் தந்த அமானத் அன்றோ! 2017இல், 48ஆம் வயதிலும், அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்காகத் தொடங்கப்பட்ட மூவர் அணிப் போட்டியில் அவர் ஆடினார். அமெரிக்கக் கால்பந்து எனப்படும் ஆட்டத்தின் வீரர் காலின் கேப்பர்னிக் 2016இல் கீதத்தின்போது நிற்க மறுத்தபோது, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய அப்துர் ரஊஃபின் பெயரை அந்நாடு மீண்டும் நினைவுகூர்ந்தது. 2020 பிப்ரவரி 29ஆம் நாள் லூசியானா பல்கலைக்கழகம், அவர் அணிந்த 35ஆம் எண்ணை இனி எவருக்கும் வழங்குவதில்லை எனச் சிறப்புச் செய்தது. மனிதர்களின் மதிப்பு இப்படித்தான். காலம் கடந்து வரும். அதை எதிர்பார்த்து வாழ்பவன் ஏமாறுவான்.

நம்மில் எவரையும் பல்லாயிரவர் கூச்சலுக்கு நடுவே எவரும் நிறுத்தப் போவதில்லை. நமக்கு வரும் சோதனை சிறிது. பொய்க்கணக்கு எழுது என்பார் மேலாளர். எடையில் சிறிது குறை என்பார் கடை முதலாளி. வட்டிப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடு என்பார் கூட்டாளி. மறுத்தால் வேலை போகலாம். வேலை போனால் அதன் பாரத்தை மறுத்தவர் மட்டும் சுமப்பதில்லை, வீடே சுமக்கின்றது.

ஆகவே இதைப் படிக்கும் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். ஹராமுக்கு அஞ்சி வேலையை விட்டுவிட்டு வெறுங்கையோடு ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது, அவர் காதில் விழும் முதற்சொல் எது? “இனிப் பிள்ளைகளின் கதி என்ன?” என்பதா? “நமக்கு எழுதியது எங்கே இருக்கிறதோ, போய்த் தேடுவோம்” என்பதா? பின்வரும் ஆண்டுகளில் அவர் பொறுமையோடு நிற்பதும் நொடிந்து விழுவதும் பெரும்பாலும் அம்முதற்சொல்லைப் பொறுத்தது.

ஹலாலானதைத் தேடும் கால்களுக்கு வலிமையையும், காத்திருக்கும் இல்லங்களுக்குப் பொறுமையையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.