வாய்பாடு தெரிந்தும் வராத விடை

48-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் தயங்காமல் 8 என்று எழுதும் பிள்ளை, “48 ரம்புத்தான் பழங்களை 6 பேர் சமமாகப் பகிர்ந்துகொண்டனர், தலா எத்தனை?” என்று கேட்டால் 54 என்றோ 42 என்றோ எழுதிவிடுவதுண்டு. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பிரச்சனைக் கணக்கு எனப்படும் இவ்வகைக் கேள்விகளில் ஏற்படும் தடுமாற்றத்துக்குக் கணக்குத் தெரியாமை மட்டுமே காரணமன்று.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆன் நியூமன், 1977-இல் இத்தவறுகளை அவை பிறக்கும் இடத்தைக் கொண்டு வகைப்படுத்தினார். கேள்வியை வாசித்தல், பொருளுணர்தல், எந்தக் கணிதச் செயல் என்று தீர்மானித்தல், அதைச் செய்தல், விடையை எழுதுதல் என்பவை அவர் கண்ட படிகள். அவர் ஆராய்ந்த ஆறாம் வகுப்பு மாணவர்களின் தவறுகளில் ஏறத்தாழப் பாதி, கூட்டலோ கழித்தலோ தொடங்கும் முன்பே நிகழ்ந்திருந்தன. அத்தகைய மாணவனுக்கு மேலும் இருபது கழித்தல் கணக்குகள் கொடுத்துப் பயனில்லை.

ஒப்பிடும் கேள்விகளே மிகவும் கடினமானவை. “மாலாவிடம் 12 ரிங்கிட் உள்ளது. இது கவினிடம் உள்ளதைவிட 5 ரிங்கிட் அதிகம். கவினிடம் எவ்வளவு?” என்ற கேள்வியில் ‘அதிகம்’ என்ற சொல் கூட்டலுக்கு இழுக்கிறது, விடை 17 ஆகிவிடுகிறது. சரியான விடை 7. ‘மொத்தம் என்றால் கூட்டு, மீதம் என்றால் கழி’ என்று சொல்லிக்கொடுப்பது எளிய கேள்விகளில் மதிப்பெண் பெற்றுத் தரும். இங்கே அதுவே பிள்ளையைத் தவறவிடுகிறது.

கேள்வியின் சொற்கள் எவ்வளவு முக்கியம் என்பதை 1983-இல் வெளியான டாம் ஹட்சனின் ஆய்வு காட்டியது. பறவைகளும் அவற்றைவிடக் குறைவான புழுக்களும் உள்ள படத்தைக் காட்டி, “புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?” என்று கேட்டபோது பாலர் பள்ளிக் குழந்தைகளில் 17 விழுக்காட்டினரே சரியாகச் சொன்னார்கள். “எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது?” என்று மாற்றிக் கேட்டதும் அது 83 விழுக்காடானது.

பொருளைத் தேடாமல் எண்களை மட்டும் பொறுக்கும் பழக்கமும் வேரூன்றிவிடுகிறது. பிரான்சின் கிரனோபிள் நகரில் 97 பிள்ளைகளிடம், “கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன, கப்பல் தலைவரின் வயது என்ன?” என்று கேட்கப்பட்டது. 76 பேர் எண்களைக் கொண்டு ஏதோ ஒரு வயதைக் கணக்கிட்டுவிட்டனர்.

நெகிரி செம்பிலானின் பெடாஸ் போன்ற தோட்ட வட்டாரங்களில் மொழியின் சுமையும் இதனுடன் சேர்கிறது. வீட்டில் ‘மிச்சம்’, ‘ஆளுக்கு’ என்று பேசும் பிள்ளை, பாடநூலில் ‘எஞ்சியவை’, ‘தலா’ என்ற சொற்களைச் சந்திக்கிறது. பயிற்றுமொழியும் நிலையாக இருந்ததில்லை. 2003-இல் கணிதம் ஆங்கிலத்துக்கு மாறியது. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. இன்று பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகளில் கணிதம் தமிழில்தான் நடக்கிறது. இருமொழித் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளில் ஆங்கிலத்தில். எப்படியானாலும், ஆறாம் ஆண்டு முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனால் மலாய்ச் சொற்றொடர்களைப் பிரித்துப் பொருள் காண வேண்டும். தமிழில் ஒரு கேள்வியை அலசிப் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு அப்போது புதிய சொற்கள் மட்டுமே தடை; பழகாத பிள்ளைக்குச் சொற்கள், அலசல் இரண்டுமே தடை.

ஆனால் கதை வடிவமே எதிரி என்று எண்ணிவிடக் கூடாது. பிரேசிலின் ரெசிஃபி நகரச் சந்தையில் வியாபாரம் செய்த ஐந்து சிறாரை 1985-இல் வெளியான ஆய்வொன்று சோதித்தது. விற்பனையின்போது 98 விழுக்காடு சரியாகக் கணக்கிட்ட அவர்கள், அதே வகைக் கணக்கைக் கதையாகக் கொடுத்தபோது 74 விழுக்காடும், வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடுமே சரியாகச் செய்தனர். பழகிய சூழல் கணக்குக்குத் துணை நிற்கிறது. செம்பனைக் குலைகளின் எடையும் பெற்றோரின் நாட்கூலியும் தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரிந்த உலகம். கேள்விகள் அங்கிருந்து தொடங்கலாம்.

வகுப்பறைக்கு ஏற்ற வழிகளும் உண்டு. 1980-களில் சிங்கப்பூர் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்த பட்டை வரைதல் முறையில், மாலாவின் பணத்துக்கு ஒரு நீளப் பட்டையும் கவினுக்குக் குட்டைப் பட்டையும் வரைந்தாலே யாரிடம் குறைவு என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். எண்களை நீக்கிவிட்டுக் கதையை மட்டும் முதலில் கொடுப்பது இன்னொரு வழி. என்ன நடந்தது என்று பிள்ளை தன் பேச்சில் திருப்பிச் சொன்ன பிறகே ஆசிரியர் எண்களைத் தருவார்.