160 பேரில் 213 பேர்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயை ஆராய்ந்தவர்கள் வீடுகளுக்குப் போய் ஒரு விநோதமான பொருளைத் தேடினார்கள். பல வருடங்களாக அந்தப் பெண்ணுடனேயே இருந்து வரும் கண்ணாடிச் சாமான். சட்டம் போட்ட பழைய போட்டோ என்றால் நல்லது. படத்தில் இருப்பது மாமியாரா மகனா என்பதெல்லாம் பொருட்டில்லை. கண்ணாடியின் மேல் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டை வைத்து, அந்தப் பெண் இத்தனை காலம் எவ்வளவு ரேடான் வாயுவைச் சுவாசித்திருப்பார் என்று கணக்கிட்டார்கள்.

மண்ணிலும் பாறையிலும் எங்கும் கொஞ்சம் யுரேனியம் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்தால் ரேடான். இந்த வரிசையில் முன்னும் பின்னும் வருபவை எல்லாம் திடப்பொருள்கள், பிறந்த பாறையிலேயே கிடப்பவை. ரேடான் மட்டும் வாயு. நிறமும் மணமும் இல்லாமல், எதனோடும் சேராமல், வெடிப்புகளின் வழியே மேலே வந்துவிடும். அதன் அரை ஆயுள் 3.8 நாள்தான், ஆனால் நிலத்தடியிலிருந்து படுக்கையறைக்கு வந்து சேர அது தாராளமாகப் போதும்.

மூச்சோடு உள்ளே போகும் ரேடான் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. கெடுதல் செய்பவை அதன் வாரிசுகள். ரேடான் சிதைந்து உண்டாகும் பொலோனியம் போன்றவை மறுபடி திடப்பொருள்கள். தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாய்ச் சுவரில் படிந்து, அங்கேயே ஆல்ஃபா துகளை உமிழ்கின்றன. ஆல்ஃபா துகளை ஒரு காகிதம் தடுத்துவிடும். தோலின் மேல் இருக்கும் செத்த செல்களின் அடுக்கே தடுத்துவிடும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் அப்படியொரு அடுக்கு கிடையாது. அங்கே அந்தத் துகள் பாயும் தூரம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் ஓர் உயிருள்ள செல்லின் டிஎன்ஏ இழைகள் இரண்டையும் ஒரே இடத்தில் அறுக்க அதற்கு மேல் வேண்டியதில்லை.

இதே வாரிசுகள் போட்டோக் கண்ணாடியிலும் படிகின்றன. ஆல்ஃபா துகள் ஒரு பக்கம் பாயும்போது, மிச்சமுள்ள அணு எதிர்ப்பக்கம் உதைபட்டுக் கண்ணாடிக்குள் புதைந்துவிடும். துணி போட்டுத் துடைத்தாலும் போகாது. அதில் ஒன்றான ஈயம்-210இன் அரை ஆயுள் 22 வருடம் என்பதால், வீடு மாறினாலும் கணக்கு கண்ணாடியோடு கூடவே வருகிறது. அதைப் படிக்கும் பிளாஸ்டிக்கும் ஒன்றும் அபூர்வமானதல்ல. மூக்குக் கண்ணாடி வில்லை செய்யும் அதே பிளாஸ்டிக்தான். ஆல்ஃபா துகள் பட்ட இடத்தில் தடம் விழும். ரசாயனக் கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் எண்ணலாம். 1999இல் வெளியான அந்த ஆய்வில், வீட்டுக் காற்றை அளந்தபோது பிடிபடாத தொடர்பு கண்ணாடியை அளந்தபோது தெரிந்தது.

குளிர் நாட்டு வீடுகள் இந்த வாயுவைத் தாமே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே சூடேறிய காற்று மேலெழுந்து கசிய, அந்த இடத்தை நிரப்ப மண்ணுக்குள் இருக்கும் காற்று தரை வெடிப்பு வழியே ஏறி வருகிறது. ஜன்னல்களோ சாத்தியே இருக்கின்றன. வருடம் முழுக்க ஜன்னல் திறந்திருக்கும் நம் ஊர் வீடுகளில் அது தேங்க வழி குறைவு. குளிர் நாட்டு வீட்டில் அது எவ்வளவு சேரும் என்பதற்கு ஓர் உதாரணம். 1984இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கட்டி முடியும் நிலையில் இருந்த ஓர் அணுமின் நிலையத்தில், ஒரு பொறியாளர் வந்தாலே கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்தது. அங்கே அணு உலை இன்னும் இயங்கவே தொடங்கவில்லை. கடைசியில் அவருடைய வீட்டைச் சோதித்தார்கள்: ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 1 லட்சம் பெக்கரெல் (கதிரியக்கத்தின் அலகு). உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு 100. பரிகாரம் என்னவோ மிகச் சாதாரணமானது. தரைக்கு அடியில் ஒரு குழாயை இறக்கி, மின்விசிறி வைத்து மண்ணின் காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விட்டுவிடுவது.

சிகரெட்டை இதோடு சேர்த்தால் கணக்கு விபரீதமாகிறது. 2005இல் ஆக்ஸ்ஃபோர்டின் சாரா டார்பியும் சகாக்களும் ஐரோப்பாவின் 9 நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். புகைபிடிக்காத ஆயிரம் பேரில், ரேடானே இல்லாவிட்டால் 75 வயதுக்குள் சுமார் 4 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும். வீட்டில் 400 பெக்கரெல் இருந்தால் 7 பேருக்கு. புகைபிடிக்கும் ஆயிரம் பேரில், ரேடான் இல்லாவிட்டால் 100. 400 பெக்கரெல் என்றால் 160. அதே வாயு, அதே அளவு. ஒரு கூட்டத்தில் அதனால் கூடியவர்கள் 3 பேர், இன்னொன்றில் 60 பேர். இங்கே இரண்டு ஆபத்துகள் கூடவில்லை, பெருகுகின்றன.

இப்போது அந்த 160 பேரை எடுத்துக்கொள்வோம். ரேடானை மட்டும் அகற்றியிருந்தால் 60 பேர் தப்பியிருப்பார்கள். சிகரெட்டை மட்டும் தொடாமல் இருந்திருந்தால் 153 பேர் தப்பியிருப்பார்கள். கூட்டினால் 213. நோயாளிகளே 160 பேர்தான்! கணக்கில் பிழை இல்லை. ரேடானும் சிகரெட்டும் இல்லாவிட்டாலும் நோய் வரும் 4 பேரைக் கழித்தால் மிச்சம் 156; ஆக, 57 பேர் இரண்டு பட்டியலிலும் இருக்கிறார்கள். இரண்டில் எது இல்லாமல் போயிருந்தாலும் அவர்களுக்கு அந்த நோய் வந்திருக்காது. அவர்களைப் பார்த்து ‘இது சிகரெட்டால் வந்ததா, ரேடானால் வந்ததா’ என்று கேட்டால் விடையே கிடையாது. அந்த 57 பேர் யார் யார் என்று சொல்லவும் எந்தப் பரிசோதனையாலும் முடியாது.

ஆனால் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்டது. அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்துக்காக யுரேனியம் வெட்டிய சுரங்கங்களில் காற்றோட்டம் இல்லாமல் ரேடான் குவிந்து கிடந்தது. 1950 முதல் அரசின் பொதுச் சுகாதாரத் துறையே தொழிலாளர்களைப் பரிசோதித்து வந்தது. ஆபத்தை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களில் நவஹோ பழங்குடியினர் பலர். சிகரெட் பழக்கம் அவர்களிடம் மிகக் குறைவு; அதனால் பழியைப் புகையின் மேல் தள்ள முடியவில்லை. 1984இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் வந்த நவஹோ ஆண்கள் 32 பேரில் 23 பேர் யுரேனியச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களாக இருந்தார்கள்.

1990இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. நுரையீரல் புற்றுநோய் வந்த தொழிலாளி புகைபிடிக்காதவர் என்றால் 200 அலகு கதிர்வீச்சுக்கு ஆளானதாக நிரூபிக்க வேண்டும். புகைபிடித்தவர் என்றால் 300. புகைபிடித்தவருக்கு 45 வயதுக்குப் பிறகு நோய் வந்திருந்தால் 500. பாவத்தில் சிகரெட்டின் பங்கைக் கழித்துவிட்டுத் தருகிறோம் என்பதுதான் இதன் தர்க்கம். கேட்கும்போது நியாயம் போலத் தெரியும். உண்மையில், ரேடானால் மிக அதிகம் அடிபட்டவரிடமே மிக அதிகமான சாட்சி கேட்டது அந்தச் சட்டம். 2000இல் அதைத் திருத்தினார்கள். அளவு எல்லோருக்கும் 40 அலகு என்றானது. புகைபிடித்தவர், பிடிக்காதவர் என்ற பிரிவு நீக்கப்பட்டது. அதற்குள் பல சுரங்கத் தொழிலாளர்கள் இறந்துவிட்டார்கள். மனைவிமார்தான் விண்ணப்பம் போட்டார்கள்.