பாம்புக்கும் உடம்புக்கு வரும்!

‘பாம்புக்குச் சீக்கு வந்தால் நமக்கென்ன?’ என்றுதான் எங்கள் தெருவில் கேட்பார்கள். வத்திராயிருப்பு மலையடிவாரத்து ஊர். வயலும் தென்னந்தோப்பும் வீட்டுக் கொல்லை வரை வந்து நிற்கும். எலி வந்தால் பின்னாலேயே சாரையும் வரும். விரட்டத் தெரிந்த நமக்கு அதன் உடம்பைப் பற்றி என்ன தெரியும்?

எனக்குக் கொஞ்சம் தெரிய வந்தது மெல்போர்னில் இருக்கும் என் அக்கா மகளால். அங்கே அரசாங்க உரிமம் வாங்கி, விஷமில்லாத மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கலாம். அவள் பையன் ஒன்று வளர்க்கிறான். (இங்கே அந்த ஆசை வேண்டாம், சகோதரிகளே! 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் ஊர்ப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது குற்றம்.)

ஒருநாள் போன் செய்தாள். “சித்தி, பாம்பு அஞ்சு நாளா ஒண்ணும் திங்கலை. கண்ணு ரெண்டும் பாலாடை மூடின மாதிரி இருக்கு. குருடாயிருச்சோ என்னவோ!” அழாத குறைதான். மிருக டாக்டரிடம் ஓடியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டாராம். சட்டை உரிக்கப் போகிறது, அவ்வளவுதான்! பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே நீர் ஊறுவதால்தான் கண் வெளுத்துத் தெரிகிறதாம். அப்போது பார்வை மங்கும், பசி இருக்காது, தொட்டால் சீறும். சில நாளில் கண் தெளிந்து, பிறகு சட்டை முழுசாகக் கழன்றுவிடும். தொடாமல் விட்டாலே போதும்.

முழுசாகக் கழலாமல் துண்டு துண்டாக வந்தால்தான் கவலை. ஈரப்பதம் போதவில்லை என்று அர்த்தம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டால் தோல் இளகும். கண்மேல் ஒட்டியிருக்கும் தோலை மட்டும் நாம் பிய்க்கவே கூடாது. கண்ணே போய்விடும், அது டாக்டர் வேலை.

நிஜமான சீக்கு வேறு மாதிரி. வாயைத் திறந்தபடி மூச்சு விடும், மூக்கில் நுரை கட்டும். குளிர் தாக்கி நெஞ்சில் சளி கட்டினால் அப்படி. நம் பிள்ளைகள் மாதிரி இருமித் துப்ப அதற்கு முடியாது. ஈறு சிவந்து தயிர்க்கட்டி போலச் சீழ் இருந்தால் வாய்ப்புண். செதில் இடுக்கில் கசகசா அளவு புள்ளிகள் ஊர்ந்தால் உண்ணி. இதிலெல்லாம் கைவைத்தியம் பலிக்காது.

இதைக் கேட்டபோது, சின்ன வயசில் எங்கள் வாசலுக்கு வந்த பாம்பாட்டியின் கூடைதான் ஞாபகத்துக்கு வந்தது. நல்ல பாம்பு படமெடுக்கும், கிண்ணத்துப் பாலைக் குடிக்கும். நாங்களும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். விஷப்பல்லைப் பிடுங்கிய வாய் புண்ணாகியிருக்கும். தண்ணீர் காட்டாமல் தாகத்தில் போட்டிருப்பதால்தான் பாலைக் குடிக்கிறது என்று அன்றைக்கு யார் சொன்னார்கள்? பால் பாம்புக்குச் செரிக்காது. மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆடி மாதம் புற்றுக்குப் பால் ஊற்றும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பாம்பை வாட்டாமலும் வைத்திருக்க முடியும். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தில், அனுமதியோடு பிடித்த பாம்புகளை மண்பானையில் வைத்து, விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுக்கிறார்கள். சில வாரத்திலேயே காட்டில் விட்டும்விடுவார்கள். பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. படிப்பு வாசனையே இல்லாத அவர்கள் அமெரிக்கா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டியிருக்கிறார்கள்!

சரி, உங்கள் கொல்லையிலேயே ஒரு பாம்பு சோர்ந்து கிடந்தால்? தோட்டத்து வலையில் சிக்கிக் கிடந்தால்? குச்சியால் நெம்பவோ, வலையை நீங்களே அறுக்கவோ போகாதீர்கள். துவண்டு கிடக்கும் கட்டுவிரியனுக்கும் விஷம் குறைவதில்லை. பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு, எட்ட நின்று ஒருவர் கண் வைத்திருக்க, இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்லலாம், அல்லது வனத்துறைக்கு. தப்பித் தவறிக் கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை ஒன்றும் வேண்டாம். கடிபட்ட கைகாலை அசைக்காமல், நேரே அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். விஷமுறிவு ஊசி அங்கே உண்டு.