பனி பெய்யாத ஊரில் பனிக்காலக் கதைகள்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோற்றமே மாறிவிடும். பேரங்காடிகளில் பஞ்சினால் ஆன 'பனி' மூடிய கிறிஸ்துமஸ் மரங்கள் எழும்பும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் உள்ள லூர்து அன்னை தேவாலயத்திலும் பிரிக்பீல்ட்ஸ் பாத்திமா அன்னை தேவாலயத்திலும் விழா ஏற்பாடுகள் தொடங்கும். வெளியே மாலைதோறும் மழை கொட்டும். விளையாடச் செல்ல முடியாத பிள்ளைகள் வீட்டுக்குள் கைப்பேசியைத் தேடுவர். இதே வேளையில், புத்தகக் கடைகளின் முன்வரிசையில் சிவப்பும் வெள்ளையும் கலந்த அட்டைகளோடு சிறுவர் படக்கதை நூல்கள் அடுக்கப்பட்டிருக்கும். மின்னும் அட்டையைப் பார்த்தவுடன் கை தானாக நீளும். ஆனால், அட்டை அழகாக இருக்கும் நூலெல்லாம் நல்ல நூலாகிவிடாது. தம்பி தங்கைக்கோ உறவினர் பிள்ளைக்கோ ஒரு படக்கதை நூலை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இப்பகுதி விளக்குகிறது.

மாணவர்களே, இது பெற்றோரின் வேலை அல்லவா என்று நீங்கள் நினைக்கலாம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குச் செல்லும் வீடுகளில், விடுமுறை நாள்களில் சிறு பிள்ளைகளோடு அதிக நேரம் இருப்பவர் அண்ணனோ அக்காளோதான். மேலும், இதில் நம் மொழியின் எதிர்காலமும் அடங்கியிருக்கிறது. பல வீடுகளில் தமிழ் எழுத்தைப் பாடநூலிலும் பயிற்சி நூலிலும் மட்டுமே ஒரு குழந்தை காண்கிறது. கதையும் வண்ணப்படமும் ஆங்கிலத்தில் வருகின்றன. கட்டுரையும் கருத்துணர்தலும் தமிழில் வருகின்றன. 'மகிழ்வதற்கு ஒரு மொழி, தேர்வுக்கு ஒரு மொழி' என்று அக்குழந்தை தன்னையறியாமல் பிரித்துக்கொள்கிறது. இப்படி மனத்தில் விழும் கோட்டைப் பின்னாளில் அழிப்பது எளிதன்று. அதை அழிக்கும் ஆற்றல் மழை நாளில் மடியில் விரித்து வைக்கும் ஒரு படக்கதை நூலுக்கு உண்டு.

படக்கதை நூல் என்றால் என்ன? செக் நாட்டுக் கல்வியாளர் கொமீனியஸ் 1658ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு பாடநூலே, குழந்தைகளுக்காகப் படங்களோடு அச்சான தொடக்ககால நூல்களுள் புகழ்பெற்றது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படமும் அதன் பெயரும் இருந்தன. இன்றைய படக்கதை நூல் அதைவிட ஒரு படி முன்னேறியது. இதில் படம் வெறும் அலங்காரம் அன்று. கதையின் பாதியைச் சொல்வது படமே. இத்தகைய நூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைந்திருக்கும். அச்சிடும் பெரிய தாளை மடித்து வெட்டும்போது எட்டின் மடங்குகளில் பக்கங்கள் கிடைப்பதே இதற்குக் காரணம். இச்சிறிய இடத்திற்குள் கதை தொடங்கி, வளர்ந்து, முடிய வேண்டும். எனவே, ஒவ்வொரு பக்கமும் தன் வேலையைச் செய்ய வேண்டும்.

நூலைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் படத்தைச் சோதியுங்கள். எழுத்துகளைக் கையால் மறைத்துக்கொண்டு நான்கு பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். யார் என்ன செய்கிறார், என்ன உணர்கிறார் என்று ஊகிக்க முடிகிறதா? 'அடுத்து என்ன?' என்ற ஆவல் எழுகிறதா? எழுந்தால் அது நல்ல நூல். 'நாய் ஓடியது' என்ற வாக்கியத்திற்கு அருகில் ஓடும் நாய் மட்டுமே இருந்தால், படம் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த நாயின் வாயில் பாட்டியின் செருப்பு இருந்தால், அங்கே கதை பிறந்துவிடுகிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஆங்கிலேய ஓவியர் ரேமண்ட் பிரிக்ஸ் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஸ்னோமேன்' எனும் நூல். சிறுவன் ஒருவன் செய்த பனிமனிதன் இரவில் உயிர்பெறுகிறது. இருவரும் வானில் பறக்கின்றனர். காலையில் பனிமனிதன் உருகிவிடுகிறது. இந்தக் கதையைச் சொல்ல நூலுக்குள் ஒரு சொல்கூடப் பயன்படுத்தப்படவில்லை. கிறிஸ்துமஸ் தாத்தாவும் இந்நூலில் இல்லை. 1982ஆம் ஆண்டில் வந்த திரைப்படத்தில்தான் அவர் சேர்க்கப்பட்டார். சொற்கள் இல்லாத நூலுக்கு மொழியும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆங்கில நூல்கள் அடுக்கிலிருந்து எடுத்தாலும், அதை நீங்கள் முழுக்க முழுக்கத் தமிழில் சொல்லலாம். நீங்கள் ஒருமுறை சொன்ன பிறகு, தம்பியைச் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்லும் கதை உங்கள் கதையிலிருந்து வேறுபட்டிருக்கும். அதுவே அவனுடைய முதல் தமிழ்ப் படைப்பு.

இரண்டாவதாக, கதை நடக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில், நூல்கள் குழந்தைகளுக்குக் கண்ணாடியாகவும் சன்னலாகவும் விளங்குகின்றன என்று விளக்கினார். தன் முகத்தையும் தன் வீட்டையும் காட்டும் நூல் கண்ணாடி. பிறர் வாழ்வைக் காட்டும் நூல் சன்னல். எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962ஆம் ஆண்டில் படைத்த 'தி ஸ்னோவி டே' இதற்குப் பொருத்தமான சான்று. அக்காலத்து அமெரிக்கப் படக்கதை நூல்களில் கறுப்பினக் குழந்தைகள் கதைத் தலைவர்களாக வருவது மிக அரிது. இந்நூலின் தலைவனோ சிவப்பு உடை அணிந்த பீட்டர் என்னும் கறுப்பினச் சிறுவன். பனியில் கால்தடம் பதித்து விளையாடும் அவன், ஒரு பனி உருண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். அது உருகிப் போகிறது. இந்நூல் 1963ஆம் ஆண்டில் கால்டிகாட் பதக்கம் பெற்றது. கறுப்பினக் குழந்தைகளுக்கு அது கண்ணாடி. நம் குழந்தைகளுக்கோ அது சன்னல். எனினும், கையில் வைத்த பனிக்கட்டி உருகும்போது ஏற்படும் ஏமாற்றம் கிள்ளான் குழந்தைக்கும் தெரியும். குளிர் தெரியாவிட்டாலும் உணர்ச்சி தெரியும் என்பதால் கதை எட்டிவிடுகிறது.

ஆனால், வீட்டில் சன்னல் மட்டுமே இருந்தால் போதுமா? நம் ஊர்க் கிறிஸ்துமஸில் புகைபோக்கியும் இல்லை, சறுக்குவண்டியும் இல்லை. வீட்டு முற்றத்தில் குடில் அமைப்பார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று பாடுவார்கள். அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் பரிமாறுவார்கள். திறந்த இல்ல உபசரிப்புக்கு மலாய், சீன நண்பர்கள் வருவார்கள். இக்காட்சிகளைக் காட்டும் படக்கதை நூல்கள் கடையில் எளிதில் கிடைப்பதில்லை. கிறிஸ்துமஸ் கதையாக இல்லாவிட்டாலும், நம் மழை, நம் உணவு, நம் தெரு ஆகியவற்றைக் காட்டும் நூல் ஒன்றையாவது சேர்த்து வாங்குவது நல்லது. ஓவியர் லாட் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கம்போங் பாய்' பேராக் மாநிலக் கிராமத்துச் சிறுவனின் வாழ்வைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் வரைந்து காட்டியது. நம் நாட்டு வாழ்வும் உலகம் விரும்பிப் பார்க்கும் கதையாகும் என்பதற்கு அந்நூல் சான்று. பத்து வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு அது ஏற்றது.

மூன்றாவதாக, மொழியைச் சோதிக்க வேண்டும். தமிழில் வெளிவரும் நூலை வாங்கும் முன் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுமாறினால், கேட்கும் குழந்தையின் மனமும் தடுமாறும். 'அவன் மகிழ்ச்சியினால் நிரப்பப்பட்டான்' என்று யாரும் பேசுவதில்லை. 'அவனுக்குத் தலைகால் புரியவில்லை' என்றால் ஐந்து வயதுக் குழந்தையும் சிரிக்கும். பனிக்காலக் கதைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழர் ஓர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பருவங்களாகப் பகுத்தனர். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். அங்கே 'பனி' என்பது புல்லின் நுனியில் நிற்கும் நீர்த்துளி; வானிலிருந்து பஞ்சுபோல் விழும் வெண்பனி அன்று. ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால், குழந்தை குழம்பக்கூடும். நல்ல நூலில் படமே இந்த ஐயத்தைத் தீர்த்துவிடும். தீர்க்காவிட்டால், குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டைத் திறந்து, அதன் சுவரில் படிந்திருப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவதாக, வயதைக் கருத்தில் கொள்ள வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை நூலைக் கடிக்கும், இழுக்கும். எனவே, தடித்த அட்டைப் பக்கங்களும் ஒரு பக்கத்திற்கு ஒரு படமும் போதும். பாலர்பள்ளிப் பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர் உள்ள கதை பிடிக்கும்; மூன்றாம் முறை வரும்போது அதுவே நம்மை முந்திக்கொண்டு சொல்லிவிடும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குத் தானே படிக்கக்கூடிய குறுகிய வாக்கியங்கள் வேண்டும். பெரியவர் படித்துக் காட்டும் நூல் சற்றுக் கடினமாக இருக்கலாம். பிள்ளை தானே படிக்கும் நூல் சற்று எளிதாக இருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் நூல்களை வாங்கும்போது மற்றொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். அவற்றுள் இரு வகை உண்டு. இயேசு பிறப்பைச் சொல்பவை ஒரு வகை. பனி, பரிசு, குடும்ப ஒன்றுகூடல் ஆகியவற்றைச் சொல்பவை மற்றொரு வகை. கிறிஸ்துவ நண்பரின் வீட்டுக்கு முதல் வகை இயல்பாகப் பொருந்தும். பிற சமயப் பிள்ளைக்கு அன்பளிப்பாகத் தரும்போது, அதன் பெற்றோரின் விருப்பத்தை முன்கூட்டியே கேட்டறிவது பண்பாகும். அண்டை வீட்டாரின் விழாவைப் பற்றிப் படிப்பதால் நம் நம்பிக்கை குறைந்துவிடாது. அவர்கள் ஏன் மகிழ்கிறார்கள் என்பது நமக்குப் புரியும்.

நூல்களை எங்கே பெறலாம்? 2009ஆம் ஆண்டில் நம் நாட்டில் தொடங்கிய 'பிக் பேட் வுல்ஃப்' மலிவு விற்பனை, குறைந்த விலையில் நூல்களை வாங்கும் வாய்ப்பைப் பலருக்கு ஏற்படுத்தித் தந்தது. அங்கே குவிந்திருப்பவை பெரும்பாலும் ஆங்கில நூல்கள். விலை குறைவு என்பதற்காகப் பத்து நூல்களை அள்ளுவதைவிட, மேற்சொன்ன சோதனைகளில் தேறிய இரண்டை வாங்குவதே மேல். தமிழ் நூல்களைப் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரக் கடைகளில் தேடலாம். சென்னையில் 1996ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட துளிகா பதிப்பகம், தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே அமைந்த படக்கதை நூல்களை வெளியிடுகிறது. தமிழ் எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்கு இவை ஊன்றுகோலாகும். பணம் செலவிட இயலாதவர்கள், பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம். அங்குள்ள கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பொது நூலகங்களின் சிறுவர் பகுதியையும் மறந்துவிடாதீர்கள்.

படக்கதை நூல் கண்பார்வை உள்ளவருக்கு மட்டும் உரியதா என்ற கேள்வியும் எழலாம். 1951ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில்தான் இயங்குகிறது. துன் சம்பந்தன் சாலையில் வெண்கோலோடு நடப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் படிக்கும்போது படத்தையும் சொல்லாக்குங்கள்: நிறம், தொலைவு, முகபாவனை, மூலையில் ஒளிந்திருக்கும் பூனை. இவ்வாறு வருணித்துப் பழகினால், கேட்பவருக்குக் கதை கிடைக்கும். படிப்பவருக்குச் சொல்வளம் பெருகும்.

நூலை வாங்கி அலமாரியில் வைப்பதோடு கடமை முடிந்துவிடாது. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். படிக்கும்போது 'இது என்ன நிறம்?' என்று தேர்வு வைக்காமல், 'நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். அதே கதையை மீண்டும் படிக்கச் சொன்னால் சலிக்காதீர்கள். தெரிந்த கதையைக் கேட்கும்போதுதான் குழந்தை சொற்களைத் தனதாக்கிக்கொள்கிறது.

கடையில் கிடைக்காத நூலை நீங்களே உருவாக்கவும் முடியும். ஒரு வெள்ளைத் தாளை எட்டாக மடித்து, நடுவில் வெட்டிப் பிரித்தால் எட்டுப் பக்கச் சிறுநூல் தயாராகிவிடும். அதில் உங்கள் வீட்டு மழைக்காலத்தை வரையுங்கள்: கூரையில் விழும் மழைச் சத்தம், துணி காயாத கவலை, பக்கத்து வீட்டுக் கிறிஸ்துமஸ் விளக்கு, தட்டு நிறைய அச்சு முறுக்கு. ஒரு பக்கத்திற்கு ஒரு வாக்கியம் எழுதினால் போதும். தங்கையின் பெயரையே கதைத் தலைவிக்குச் சூட்டுங்கள். உலகின் எந்தக் கடையிலும் இல்லாத, அவளுக்கே உரிய கண்ணாடி நூல் அது. தமிழில் தன் பெயர் அச்செழுத்துப்போல் ஒரு நூலில் இருப்பதைக் கண்ட பிள்ளை, அந்த மொழியைத் தேர்வுக்கு மட்டும் உரியது என்று எண்ணாது.