மாங்கொட்டையும் இறப்பர்ப் பந்தும்

கண்டியிலிருந்து குருணாகலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கட்டுகஸ்தோட்டையைக் கடந்து சென்றால் கலகெதர என்னும் சிற்றூர் வரும். அங்கே சாலைக்குச் சற்று மேலே, சரிவில் அமைந்தது எங்கள் இல்லம். முற்றத்தில் ஒரு மாமரம் உண்டு. மாம்பழக் காலமொன்றில் எங்கள் நாய் வீரன், சூப்பியெறிந்த கொட்டையொன்றைக் கவ்விக்கொண்டு திரிந்தது. பிள்ளைகள் அதனைப் பிடுங்கத் துரத்தினர். பறிபோய்விடுமென்று அஞ்சிய வீரன் கொட்டையை முழுதாக விழுங்கிவிட்டது.

இரண்டு நாள் அது உணவை நாடவில்லை; நீர் பருகினாலும் வாந்தியெடுத்தது. மூன்றாம் நாள் மிருக வைத்தியர் வயிற்றைக் கீறி, குடலை அடைத்துநின்ற கொட்டையை வெளியே எடுத்தார். "இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால்..." என்று தொடங்கியவர், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

நாய்க்குட்டியைக் குருளை என வழங்குதல் மரபென்று தொல்காப்பியம் கூறும். புலிக்குட்டிக்கும் அப்பெயரே உரியது. புலியோடு பெயரைப் பகிர்ந்துகொண்ட இப்பிராணிக்கு வாயே கை. 28 பாற்பற்கள் விழுந்து 42 பற்கள் நிறையும் ஆறேழு மாதமளவும் ஈறு தினவெடுத்துக்கொண்டேயிருக்கும். அப்போது அது செருப்பென்றும் பாராது, நூலென்றும் பாராது. என் நிகண்டு அட்டையிழந்தது இவ்வாறே! கடிப்பதைத் தடுக்க முயல்வது வீண்; கடிக்கத்தக்கதைக் கொடுப்பதே வழி.

எதைக் கொடுப்பது? எலும்பு என்பர் பலர். சமைத்த கோழியெலும்பு ஊசிபோலப் பிளந்து குடலைக் குத்தும். மாட்டெலும்போ கல்லினும் கடிது. கடைவாய்ப் பெரும்பல்லைப் பிளந்துவிடும். நம் ஊரில் விளையாட்டாக எறியும் பொச்சுமட்டையை நாய்கள் பெரிதும் விரும்பும். ஆயினும் அதன் தும்பு வயிற்றிற் சேர்ந்து பந்தாகத் திரளும். கயிற்றுப் பொம்மையின் இழை இன்னும் பொல்லாதது. நீண்ட இழையொன்று குடலைச் சுருக்குப்பைபோல் இழுத்துச் சுருக்கிவிடும்.

இவற்றுக்கு மாற்றாக அமைவது இறப்பர். 1876இல் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நம் நாட்டின் முதல் இறப்பர் மரங்கள் நடப்பட்டன. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின்பின், அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் நாய் கற்களைக் கடித்துப் பற்களைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அவர் பழைய வொக்ஸ்வாகன் வண்டியொன்றைப் பழுதுபார்க்கையில் ஒதுக்கிய இறப்பர்ப் பாகமொன்றைக் கண்ட நாய், கல்லை மறந்து அதனைக் கவ்விக்கொண்டது. உட்குடைவான 'கொங்' என்னும் விளையாட்டுப் பொருள் பிறந்த கதை இதுவே. அதன் குடைவினுள் சிறிது சோற்றையும் அவித்த கரட்டையும் அடைத்துக் கொடுத்தால், நாய் நெடுநேரம் அதிலேயே ஆழ்ந்திருக்கும். 'நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை' என்ற பழமொழி அவ்வேளையில் பொய்த்துப் போகும்.

இறப்பரிலும் தேர்வு வேண்டும். நகத்தால் அழுத்தினால் சற்றே பதியவேண்டும். பதியாதது பல்லுக்குப் பகை. துண்டாகப் பிய்யுமாயின் அது தொண்டைக்குப் பகை. பந்தாயின் நாயின் கடைவாயைத் தாண்டித் தொண்டைக்குள் நழுவாத பருமன் வேண்டும். குட்டிக்கு வாங்கிய பந்து, வளர்ந்த நாயின் மூச்சை அடைத்துவிடக்கூடும். ஒரே துளையுடைய பொருளைத் தவிர்க்க; காற்று வெளியேற மறு துளை இல்லையெனில் நாக்கு அதனுள் உறிஞ்சப்பட்டுச் சிக்கிக்கொள்ளும். தெனிஸ் பந்தை எறிந்து விளையாடலாம். ஆனால் மென்றுகொண்டிருக்க விடலாகாது. மணல் படிந்த அதன் மேலுறை பற்களை அரம்போல் தேய்க்கும்.

எறிந்து விளையாடக் கைக்கு எளிதாய் அகப்படுவது தடி. எறிந்த தடி ஒரு முனை மண்ணிற் குத்தி நிற்க, ஓடிவரும் நாயின் வாயினுள் மறுமுனை பாய்ந்துவிடுவதுண்டு. எங்களைப்போல் சரிவில் வாழ்வோருக்கோ வேறொரு கவலை. கீழே எறிந்த பந்து சாலைவரை உருளும். நாயும் பின்னே ஓடும். அதனால் நான் மேட்டுப்பக்கமாகவே எறிவேன், அதுவும் வெயில் தாழ்ந்தபின்.

பிள்ளைகளும் இப்போது பிடுங்குவதில்லை. வீரன் எதைக் கவ்விவந்தாலும் ஒரு பிஸ்கட் துண்டை நீட்டுவர். அதுவும் பொருளை அவர்கள் காலடியில் போட்டுவிடும். இந்தப் பண்டமாற்றின் கணக்கை நன்கறிந்துகொண்ட வீரன், சிலநாள் வேண்டுமென்றே என் செருப்பைக் கொண்டுவருகிறது. மாம்பழக் காலத்தில் விடியுமுன் எழுந்து கொட்டை பொறுக்கும் வேலை மட்டும் இன்னும் என்னுடையது.