சுயமுன்னேற்றத்தின் பெயரால்...

"தங்கச்சி, நீங்கள் சொன்னபடியால்தான் நான் போனனான்."

2022ஆம் ஆண்டின் கடைசியில், வலிகாமத்தில் ஓர் அக்காவின் வீட்டு விறாந்தையில் இருந்தபோது அவர் இதைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. தேநீரை என் கையில் தந்துவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். அவருடைய கணவர் 2009இல் வன்னியில் காணாமல் ஆக்கப்பட்டவர். பிள்ளைகள் இருவர். மிஞ்சியிருந்த ஒரு சோடி காப்பும் அப்போது அடைவு கடையில் இருந்தது.

அந்தக் காப்பு அங்கே போனதில் எனக்கும் பங்குண்டு. அவருடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

மண்டபத்தில் நடந்தது

அந்த வருடத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அரிசி, பால்மா எல்லாம் கைக்கெட்டாத விலை. குழுக்கடன் தவணையோ வாரம் தவறாமல் வாசலுக்கு வரும். அந்த வேளையில் யாழ். நகரின் ஒரு திருமண மண்டபத்தில் "தலைமைத்துவமும் சுயமுன்னேற்றமும்" என்று ஒரு கருத்தரங்கு நடந்தது. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் அழைத்தார். முதல் நாள் இலவசம் என்றார். போனேன்.

உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பிடித்திருந்தது. சபையில் வாய் திறக்காத பெண்கள் அங்கே ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசினார்கள். பிற்பகலில் விளக்கைக் குறைத்து, கண்களை மூடி, வாழ்க்கையின் பெரிய இழப்பை நினைக்கச் சொன்னார்கள். மண்டபம் முழுவதும் அழுகைச் சத்தம். பிறகு கைதட்டல், ஆளையாள் கட்டியணைத்தல். மனம் இளகியிருந்த அந்த நேரத்தில் ஒரு தாளைத் தந்தார்கள். "இந்த மாற்றம் தேவைப்படும் பத்துப் பேரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதுங்கள்."

நான் சமூகவியல் படித்தவள். பத்து வருடமாகக் களத்தில் வேலை செய்பவள். அப்படியிருந்தும் எங்கள் மாதர் குழுவில் ஆறு பேரின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அந்த அக்காவின் பெயர் இரண்டாவது. அவரைச் சந்தித்தபோது, "போய்ப் பாருங்கோ அக்கா, நல்லது" என்றும் சொன்னேன்.

அடுத்த கட்டம் மூன்று நாள் வகுப்பு, கட்டணம் 25,000 ரூபா. அதற்கு மேல் "தலைவர்" நிலை. மூன்று பேரைக் கூட்டி வந்தால்தான் அந்த நிலை. அவர்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். வேலை காரணமாக நான் தொடரவில்லை. அக்கா காப்பை அடைவு வைத்துத் தொடர்ந்தார்.

"உங்களுக்குள் ஒரு தடை"

முதலில் தன் தங்கையைக் கூட்டிப் போனார். அடுத்தது பக்கத்து வீட்டுப் பெண். மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் தொலைபேசி வரும். "உங்களுக்குள் ஒரு தடை இருக்கு. நீங்கள் இன்னும் பழையதிலேயே நிக்கிறியள்" என்பார்களாம். மண்டபத்தில் அழுதபடி அவர் சொன்ன கணவரின் கதையையே எடுத்து அவர்மீது எறிந்தார்கள்.

"அவரைத் தேடுறதை விட்டால்தான் எனக்கு ஆள் சேருமாம் தங்கச்சி" என்றார் அக்கா. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து, கணவரின் படத்தோடு போய்வந்தவர் அவர். அந்த மாதங்களில் அங்கே போவதையும் நிறுத்தியிருந்தார்.

தங்கை கதைப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி வேலிப் பொட்டை அடைத்துவிட்டாள். எட்டு வருடமாக ஒழுங்காக நடந்த சீட்டும் குலைந்தது.

வெளிநாடுகளிலும் இதே கதை

அமெரிக்காவில் 1971இல் வேர்னர் எர்ஹார்ட் என்பவர் "எஸ்ட்" என்ற சுயமுன்னேற்றக் கருத்தரங்கைத் தொடங்கினார். அதன் வழிவந்த "லாண்ட்மார்க்" 1991 முதல் பல நாடுகளில் நடக்கிறது. பயன் பெற்றதாகச் சொல்வோர் பலர் உண்டு. அதேவேளை, கடைசி அமர்வுக்கு உறவினர், நண்பர்களை அழைத்துவரும்படி வற்புறுத்துகிறார்கள் என்பது அதன்மீது நெடுங்காலமாக உள்ள குறை.

இன்னொன்று பயங்கரமானது. 1998இல் கீத் ரனியேர் என்பவர் நியூயோர்க் மாநிலத்தில் தொடங்கிய "நெக்சியம்" அமைப்பும் சுயமுன்னேற்ற வகுப்பாகவே ஆரம்பித்தது. தரத்தைக் காட்ட நிறநிறமான பட்டிகள். மேலே போக ஆள் சேர்க்க வேண்டும். பின்னர் அதன் உள்வட்டத்தில் சேர்ந்த பெண்களிடம் அந்தரங்க இரகசியங்களையும் படங்களையும் "பிணை"யாக வாங்கி, அவற்றைக் கொண்டே அவர்களைக் கட்டிப்போட்டார்கள். 2019இல் ரனியேர் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2020இல் 120 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நம் ஊர்க் கருத்தரங்கை அதற்குச் சமன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம்பிச் சொன்ன கதையே பிறகு நம்மைக் கட்டும் கயிறாகும் என்பதை அங்கேயும் கண்டார்கள், இங்கேயும் கண்டோம்.

ஒரு சின்னக் கணக்கு

ஒருவர் மூவரைச் சேர்க்கிறார். அந்த மூவரும் ஆளுக்கு மூவரைச் சேர்த்தால் 9. பிறகு 27, 81, 243... இப்படியே போனால் 13ஆவது படிக்கு மட்டும் 5 இலட்சத்து 31 ஆயிரம் பேர் வேண்டும். எல்லாப் படிகளையும் கூட்டினால் ஏறத்தாழ 8 இலட்சம். 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ். மாவட்டத்தின் சனத்தொகை, கைக்குழந்தைகளையும் சேர்த்து, ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்தப் படியில் நின்றுபோனாலும், சேர்ந்தவர்களில் மூவருக்கு இருவர் கடைசிப் படியில்தான் இருப்பார்கள். அவர்கள் கட்டியவர்கள், பெறாதவர்கள். அக்காவுக்கு மூன்றாவது ஆள் கிடைக்காததற்குக் காரணம் மனத்தடை அல்ல. கணக்கு அப்படி.

சட்டம் என்ன சொல்கிறது?

பணம் கட்டிச் சேர்ந்து, பெறும் இலாபம் பெரும்பாலும் புதிதாகச் சேர்வோரின் தொகையிலோ அவர்கள் கட்டும் பணத்திலோ தங்கியிருந்தால் அது பிரமிட் திட்டம். இலங்கையில் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு அதைத் தடைசெய்கிறது. 2005இலும் 2011இலும் செய்த திருத்தங்கள் இதைப் பற்றியவை. நடத்துவது மட்டுமல்ல, விளம்பரம் செய்வதும் ஊக்குவிப்பதும் குற்றம். ஆகவே "எனக்கும் ஒருவர் சொன்னார், நானும் சொன்னேன்" என்பது தப்பும் வழி ஆகாது. 2023இல் மத்திய வங்கி இத்தகைய நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. சேர முன்னர் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

பணப் பங்கு இல்லாமல் "ஆளைக் கூட்டி வா" என்று மட்டும் சொல்லும் கருத்தரங்கு இந்தச் சட்டத்துக்குள் வராமல் போகலாம். அங்கே நம் புத்திதான் காவல்.

நாம் செய்யக்கூடியது

போர் ஆளையாள் நம்பும் தன்மையையும் சிதைத்தது என்பதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் "கூட்டு மனவடு" என்று விளக்கியிருக்கிறார். ஒரு பிடி சீனி கேட்கவும், பிள்ளையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவும், சீட்டுப் போடவும் நமக்கு மிஞ்சியிருப்பது அக்கம்பக்கத்து நம்பிக்கை ஒன்றுதான். ஆள் சேர்க்கச் சொல்பவர் அந்த நம்பிக்கையைத்தான் நம்மிடம் விலைக்குக் கேட்கிறார்.

ஆகவே யாராவது அழைத்தால் கேளுங்கள்:

முழுக் கட்டணம் எவ்வளவு? அடுத்த கட்டம் என்ன?

நான் யாரையும் கூட்டி வராவிட்டாலும் பயிற்சி முழுமையாகக் கிடைக்குமா?

இன்றே கையெழுத்து வைக்க வேண்டுமா? வீட்டில் கேட்டுவிட்டு வரலாமா?

துயரத்தைச் சொல்லி அழுதபின் என்னைப் பார்க்கத் தகுதிபெற்ற உளவளத்துணையாளர் இருக்கிறாரா?

மனப்பாரம் தாங்கமுடியாவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். அங்கே கட்டணம் இல்லை. உங்கள் கதையை வேறிடத்தில் சொல்லமாட்டார்கள். மூன்று பேரைக் கூட்டி வரவும் சொல்லமாட்டார்கள்.

நான் பெயர் எழுதிக் கொடுத்த ஆறு பேரின் வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போனேன். "உங்களைக் கேளாமல் உங்கள் பெயரைக் கொடுத்தது என் பிழை" என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் கதவைத் திறக்கவில்லை. அந்த அக்கா சீட்டை மீண்டும் தொடங்கியிருக்கிறார், நான்கு பேருடன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதில் இருக்கிறார். தங்கை இன்னும் வரவில்லை. காப்பில் ஒன்று மீண்டுவிட்டது, மற்றது இன்னும் அடைவில்.

சகோதரிகளே, முன்னேறுவது நல்லது. படிக்கவும் பேசவும் தொழில் பழகவும் போங்கள். ஆனால் அடுத்தவளின் பெயரை எழுதக் கேட்கும் தாள் வந்தால் பேனாவை மூடிவையுங்கள். "இல்லை" என்று சொல்வது மனத்தடை அல்ல. அது உங்கள் உரிமை.