நெற்றிக்குள் ஒரு காற்றறை

உங்கள் புருவங்களுக்குச் சற்று மேலே விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். அங்கே கெட்டியான எலும்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால், நம்மில் பெரும்பாலோர்க்கு அவ்விடத்தில் காற்று நிரம்பிய இரண்டு அறைகள் இருக்கின்றன. இவற்றையே நெற்றிச் சைனஸ் என்கிறோம்.

ஓசூரின் மார்கழிக் குளிரில், “எனக்குச் சைனஸ் இருக்கிறது” என்று சொல்பவர் பலர். சைனஸ் என்பது நோயின் பெயரன்று, அறையின் பெயர். அதில் அழற்சி உண்டானால்தான் நோய். சைனஸ் தலைவலி என்று நாம் எண்ணுவது பல வேளைகளில் ஒற்றைத் தலைவலியாகவும் இருக்கக்கூடும்.

எத்தனை வடிவங்கள்!

பிறந்த குழந்தைக்கு நெற்றியறை இல்லை. இரண்டு வயதுக்கு மேல் மூக்கின் மேற்பகுதியிலிருந்து காற்றறை மெல்ல மெல்ல நெற்றி எலும்புக்குள் புகுந்து வளர்கிறது. ஏறத்தாழ இருபது வயதில் வளர்ச்சி நிறைவுறுகிறது. இவ்வளர்ச்சி எல்லாரிடமும் ஒரே அளவில் நடப்பதில்லை. ஒருவருக்கு அறை பட்டாணி அளவில் நின்றுவிடும். மற்றொருவருக்கு நெற்றி முழுவதும் விரியும். சிலருக்கு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். சிலருக்கு இரு பக்கமும் இராது. இரண்டு அறைகளையும் பிரிக்கும் சுவர் நடுக்கோட்டில் நேராக நிற்பதும் அரிது. இவையெல்லாம் குறைபாடுகள் அல்ல, இயல்பான மாறுபாடுகளே.

குறுகிய வாசல்

அறையில் ஊறும் சளிநீர், கீழே உள்ள குறுகிய வழியாக மூக்கினுள் வடிகிறது. அவ்வழியைச் சுற்றிச் சிறு காற்றுக் கண்ணறைகள் உண்டு. 1994ஆம் ஆண்டில் பென்ட், குன் முதலிய மருத்துவர்கள் இவற்றை நான்கு வகையாகப் பிரித்தனர். முதல் வகையில் ஒரே கண்ணறை. இரண்டாம் வகையில் அடுக்காகப் பல. மூன்றாம் வகை பெரிதாகி நெற்றியறைக்குள்ளேயே நீளும். நான்காம் வகை அவ்வறைக்குள் தனித்து நிற்கும். ஏற்கெனவே குறுகலான வாசலில் பெரிய கண்ணறையும் அமைந்து, சளிச்சவ்வும் வீங்கினால் வடிகால் அடைபடலாம் அல்லவா?

சாதாரண எக்ஸ்ரே படத்தில் எலும்புகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் இவ்வளவு நுட்பம் தெரியாது. 1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டனில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன் இக்குறையைப் போக்கியது. அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு, கார்மாக்குடன் 1979இல் நோபல் பரிசு பெற்றார். இன்று ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய சீவல்களாக அறையைப் பார்க்க முடிகிறது.

இது வெறும் ஆராய்ச்சி ஆர்வம் அன்று. நெற்றியறையின் பின்சுவர் மெல்லியது, அதற்கப்பால் மூளை. தரைக்குக் கீழே கண்குழி. அருகிலுள்ள ஒரு தமனி சிலருக்குக் கூரையை ஒட்டி ஓடாமல், தொங்கும் மின்கம்பிபோல் சற்றுக் கீழே இறங்கி ஓடும். அறுவை செய்பவர் இதை முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும். கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் தலைக்கவசமின்றி விழுந்து நெற்றி எலும்பு முறிந்தால், முன்சுவரோடு பின்சுவரும் உடைந்ததா என்று சி.டி. படத்தைக் கொண்டே மருத்துவர் முடிவு செய்வார்.

நெற்றியின் முத்திரை

கைரேகையைப் போலவே நெற்றியறையின் விளிம்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே உருவுள்ள இரட்டையர்க்குக்கூட அது ஒன்றாக அமைவதில்லை. மண்டை ஓட்டை அடையாளம் காண இது உதவும் என்று 1921இலேயே ஷூல்லர் எழுதினார். 1927இல் கல்பர்ட்டும் லாவும், ஒருவர் உயிரோடிருந்தபோது எடுத்த படத்தை இறந்தபின் எடுத்த படத்துடன் ஒப்பிட்டு இன்னார் என்று நிறுவினர். ஒப்பிடப் பழைய படம் இருந்தால்தான் இது முடியும்.

ஓசூரிலிருந்து மேல்சிகிச்சைக்காக அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குச் செல்வோர் பலர். அறிக்கைத் தாளோடு ஸ்கேன் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள், வந்தபின் பத்திரப்படுத்துங்கள். உங்கள் நெற்றிக்குள் இருக்கும் அறைக்கு அதுவே வரைபடம். அதே வரைபடம் வேறொருவருக்குப் பொருந்தாது.